கையொப்பத்துக்கு முன் ஒரு வரி: இசைமேதை ஹைடன் கற்றுத் தந்த பாடம்

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன்பு எனக்கு ஒரு வேலை கிடைத்தது. ஒரு விளம்பரத்திற்கு முப்பது விநாடி இசை அமைத்துத் தர வேண்டும். ஊதியம் 200 ரிங்கிட். தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்திலிருந்தே கீபோர்டு வாசிப்பவள் நான். விடுதி அறையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு இரண்டே இரவுகளில் முடித்துக் கொடுத்தேன். அதன்பின் இரண்டு பக்க ஒப்பந்தம் ஒன்று ஆங்கிலத்தில் வந்தது. எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாமல் இல்லை. தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகளிலும் தேர்வெழுதித்தான் பல்கலைக்கழகம் வந்தேன். ஆனால், அன்று 200 ரிங்கிட் என்று எழுதியிருந்த வரியை மட்டும் பார்த்துவிட்டுக் கையொப்பமிட்டேன்.

நான்கு மாதங்களுக்குப் பிறகு, அதே இசை வேறொரு கடையின் விளம்பரத்தில் ஒலித்தது. சில வாரங்களில் இன்னொரு கடையின் விளம்பரத்திலும் கேட்டது. விசாரித்தபோது, ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவைப் படித்துப் பார்க்கும்படி அந்த நிறுவனத்தார் சொன்னார்கள். நான் அமைத்த இசை எந்த வடிவத்திலும், எக்காலத்திலும் அவர்களுக்கே சொந்தம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அங்கே எதுவும் மறைக்கப்படவில்லை. நான்தான் படிக்கவில்லை.

இந்தப் பருவத்தில் மேற்கத்திய இசை வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்தேன். அதில்தான் ஜோசப் ஹைடனை அறிந்துகொண்டேன். சிம்பொனி என்ற இசை வடிவத்தின் தந்தை என்று அழைக்கப்படுபவர் அவர். மொசார்ட்டின் நண்பர், பேத்தோவனின் ஆசிரியர். இத்தனை பெரிய மனிதரும் என்னைப் போலவே ஒப்பந்தத்தின் ஒரு வரிக்குள் சிக்கியவர்தான். அந்த வரியிலிருந்து விடுபட அவருக்கு ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் ஆயின. பகுதி நேரமாகப் படம் வரைந்தும், காணொளி தொகுத்தும், மொழிபெயர்த்தும், டியூஷன் எடுத்தும் சம்பாதிக்கும் மாணவ நண்பர்கள் அவர் கதையை அவசியம் அறிந்துகொள்ள வேண்டும்.

சக்கரம் செய்பவரின் மகன்

ஹைடன் 1732ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள், ஆஸ்திரியாவிலுள்ள ரோராவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளி. தாயார் திருமணத்திற்கு முன்பு ஒரு பிரபுவின் மாளிகையில் சமையல் வேலை செய்தவர். தந்தைக்கு இசைக் குறியீடுகளைப் படிக்கத் தெரியாது. ஆனாலும் மாலை வேளைகளில் யாழ் போன்ற ஹார்ப் கருவியை மீட்டிப் பாடுவார். பிள்ளைகளும் சேர்ந்து பாடுவார்கள்.

சிறுவனின் குரல் வளத்தைக் கண்ட உறவினர் ஒருவர், அவனைத் தம்முடன் ஹைன்பர்க் நகருக்கு அழைத்துச் சென்றார். அப்போது ஹைடனுக்கு ஆறு வயது கூட நிரம்பவில்லை. அதன்பின் அவர் பெற்றோர் வீட்டில் தங்கி வாழவே இல்லை. 1740ஆம் ஆண்டில் வியன்னாவின் புனித ஸ்டீபன் தேவாலயப் பாடகர் குழுவில் சேர்க்கப்பட்டார். பதின்ம வயதில் குரல் உடைந்தது. பாட முடியாத பையனுக்கு அங்கே இடமில்லை. 1749ஆம் ஆண்டு வாக்கில், கையில் பணமும் தங்க இடமும் இல்லாமல் வெளியேற்றப்பட்டார். நம் நாட்டுக் கணக்கில் படிவம் ஐந்து மாணவரின் வயது அது.

அடுத்த சில ஆண்டுகள் கிடைத்த வேலையையெல்லாம் செய்தார். பிள்ளைகளுக்கு இசை கற்பித்தார். தேவாலயங்களில் வாசித்தார். இரவு நேரங்களில் தெருவோர இசைக் குழுக்களுடன் சேர்ந்து வாசித்தார். நிக்கோலா போர்ப்போரா என்ற இத்தாலிய இசை ஆசிரியரிடம் பக்க வாத்தியக்காரராகவும் பணியாளராகவும் இருந்தார். அங்கே ஏச்சும் பேச்சும் வாங்கியபடியே இசையமைப்பின் நுணுக்கங்களைக் கற்றுக்கொண்டார். மாதச் சம்பளம் என்று எதுவும் இல்லாத வாழ்க்கை அது.

நிரந்தர வேலையும் நான்காம் பிரிவும்

பிறகு மோர்சின் என்ற பிரபுவின் இசைக் குழுவுக்குத் தலைவரானார். ஆண்டுக்கு 200 குல்டன் சம்பளம், உணவு, தங்குமிடம் எல்லாம் கிடைத்தன. 1760ஆம் ஆண்டில் திருமணம் செய்துகொண்டார். ஆனால் பிரபுவுக்குப் பணமுடை ஏற்பட்டு இசைக் குழு கலைக்கப்பட்டது. புதுமாப்பிள்ளை வேலையில்லாதவரானார்.

அந்த நேரத்தில்தான் ஹங்கேரியின் மிகப் பெரிய செல்வக் குடும்பமான எஸ்டர்ஹாசி குடும்பத்திலிருந்து அழைப்பு வந்தது. 1761ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் ஹைடன் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். பதவி துணை இசை இயக்குநர். சம்பளம் ஆண்டுக்கு 400 குல்டன். முந்தைய சம்பளத்தைப் போல் இரண்டு மடங்கு!

அந்த ஒப்பந்தத்தின் மற்றப் பிரிவுகளைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. வெள்ளைக் காலுறையும் சீருடையும் அணிந்து, தலைமுடிக்குப் பவுடர் இட்டு வர வேண்டும். தினமும் இருவேளை இளவரசரின் அறைக்கு வெளியே காத்திருந்து, இன்று இசை வேண்டுமா என்று கட்டளை கேட்க வேண்டும். இசைக் கலைஞர்களின் சண்டை சச்சரவுகளையும் அவரே தீர்த்து வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விடக் கடுமையானது நான்காம் பிரிவு. இளவரசர் கேட்கும் இசையை அவர் எழுதித் தர வேண்டும். அதை வேறு யாருக்கும் தரக்கூடாது, படியெடுக்கவும் விடக்கூடாது. இளவரசரின் அனுமதியின்றி வெளியாருக்கு ஒரு வரி கூட எழுதக்கூடாது. சுருங்கச் சொன்னால், ஹைடனின் தலையில் உதிக்கும் ஒவ்வொரு இசையும் எஸ்டர்ஹாசி குடும்பத்தின் சொத்து.

அக்காலத்தில் இது வழக்கமான ஒன்றுதான். அரண்மனை இசைக் கலைஞரும் வீட்டுப் பணியாளர்களில் ஒருவராகவே எண்ணப்பட்டார். வேலையில்லாத 29 வயது இளைஞருக்கு அன்று மறுத்துப் பேசும் நிலையும் இல்லை. அவர் கையொப்பமிட்டது தவறென்று எனக்குத் தோன்றவில்லை.

வெளியே பரவிய இசை

அடுத்த ஆண்டே நிக்கோலாஸ் இளவரசர் பொறுப்புக்கு வந்தார். இவர் உண்மையான இசை ரசிகர். ஹைடனின் சம்பளத்தை 600 குல்டனாக உயர்த்தினார். 1768இல் ஹைடனின் வீடு தீப்பற்றி எரிந்தபோது தம் செலவில் கட்டிக் கொடுத்தார். அதே இளவரசர்தான், தமக்குப் பிடித்த பாரிட்டோன் என்ற நரம்புக் கருவிக்குப் போதுமான இசை வரவில்லை என்று 1765இல் எழுத்து வழியாகக் கண்டித்தவரும் ஆவார். அந்த ஒரு கருவிக்காக ஹைடன் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட மூவர் இசைகளை எழுதித் தர வேண்டியிருந்தது.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. அரண்மனையிலிருந்து கசிந்த படிகள் ஐரோப்பாவெங்கும் பரவின. 1764ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரில் ஹைடனின் இசை அச்சாகிவிட்டது. பிறர் எழுதிய இசையைக்கூட அவர் பெயரைப் போட்டு விற்றார்கள். பதிப்பாளர்கள் சம்பாதித்தார்கள், ஹைடனுக்கு ஒரு காசும் வரவில்லை. தாமே விற்க அவருக்கு உரிமை இல்லை. மற்றவர்கள் விற்பதைத் தடுக்கவும் வழியில்லை. என் இசையை வேறு கடை விளம்பரத்தில் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன். எனக்கு அது முப்பது விநாடி, அவருக்கு ஆண்டுக்கணக்கில்!

ஹைடன் கோபப்பட்டு வேலையை விடவில்லை. தம் மதிப்பை உயர்த்திக்கொண்டே இருந்தார். 1766இல் முழு இசை இயக்குநரானார். எஸ்டர்ஹாசா அரண்மனையில் இசை நாடக அரங்கு அமைந்தபோது, அதை நடத்தும் பொறுப்பும் அவர் தோளில் விழுந்தது.

முதலாளியிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். 1772இல் இளவரசர் வழக்கத்தை விட நீண்ட நாட்கள் எஸ்டர்ஹாசாவிலேயே தங்கினார். இசைக் கலைஞர்களின் குடும்பங்களோ வேறு ஊரில் இருந்தன. விடுப்பு கேட்கக் கலைஞர்களுக்குத் துணிவில்லை. ஹைடன் ஒரு சிம்பொனி எழுதினார். அதன் இறுதியில் கலைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக வாசிப்பை நிறுத்தி, மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு, எழுந்து செல்வார்கள். கடைசியில் இரண்டு வயலின்கள் மட்டும் மெல்ல ஒலிக்கும். இளவரசருக்குப் புரிந்துவிட்டது. விரைவிலேயே எல்லாரும் ஊர் திரும்ப அனுமதி கிடைத்ததாக அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. பிரியாவிடை சிம்பொனி என்று இன்றும் அது இசைக்கப்படுகிறது.

நீங்கிய வரி

1779ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் இளவரசருக்கும் ஹைடனுக்கும் இடையே புதிய ஒப்பந்தம் ஏற்பட்டது. அந்தப் பழைய நான்காம் பிரிவு அதில் இல்லை. இனி அவர் வெளியாருக்கு எழுதலாம், பதிப்பாளர்களிடம் விற்கலாம். அரண்மனை வேலையும் தொடரும்.

அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது இந்த மாற்றம்தான். மறு ஆண்டே வியன்னாவின் ஆர்த்தாரியா பதிப்பகம் அவருடைய ஆறு பியானோ இசைகளை வெளியிட்டது. 1781இல் ஆறு நால்வர் இசைகளை எழுதி முடித்ததும், இசை ஆர்வமுள்ள செல்வந்தர்களுக்கு அவரே நேரடியாகக் கடிதம் எழுதினார். அச்சாகும் முன்பே கையெழுத்துப் படியை ஆறு டூக்கட் பொற்காசுகளுக்குத் தருவதாகச் சொன்னார். அதற்குள் பதிப்பகம் அவசரப்பட்டு அச்சு நூலை விளம்பரம் செய்துவிட்டது. முன்பணம் தந்தவர்களிடம் தம் பெயர் கெடும் என்று ஹைடன் பதிப்பகத்திடம் கடுமையாக முறையிட்டார். எப்போது வெளியிடுவது என்பதும் ஒப்பந்தத்தின் ஒரு பகுதி என்பதை அவர் அப்போது அனுபவத்தில் கற்றார்.

1785ஆம் ஆண்டு வாக்கில் பாரிஸ் நகரின் இசைச் சங்கம் ஒன்று ஆறு சிம்பொனிகளைக் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் 25 லூயி பொற்காசுகள் எழுதித் தருவதற்காகவும், 5 லூயி பிரான்சில் அச்சிடும் உரிமைக்காகவும் தரப்பட்டன. இதைப் படித்ததும் எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. அம்மா வீட்டில் ரவிக்கை தைப்பவர். தையல் கூலி வேறு, லைனிங் துணி வேறு என்று சீட்டில் தனித்தனியாக எழுதுவார். வேலைக்கு ஒரு விலை, உரிமைக்கு ஒரு விலை என்பதும் அதே கணக்குத்தான். என் ஒப்பந்தத்தில் இரண்டும் ஒரே 200 ரிங்கிட்டுக்குள் அடங்கியிருந்தன.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அக்காலத்தில் ஒரு நாட்டின் பதிப்புரிமை அடுத்த நாட்டில் செல்லாது. இதைப் பயன்படுத்தி, ஒரே இசையை வியன்னா, பாரிஸ், லண்டன் எனப் பல ஊர்ப் பதிப்பாளர்களிடம் ஹைடன் விற்றார். ஒவ்வொருவரும் தமக்கு மட்டுமே உரிமை என்று நம்பியதால் சிக்கல் எழுந்தது. லண்டனில் இரு பதிப்பாளர்கள் அவர் இசைக்காக வழக்காடும் நிலை வந்தது. தாம் பட்ட இழப்பை அவர் பிறர் தலையில் ஏற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும். நல்ல நிபந்தனை கேட்பவர், கொடுத்த வாக்கையும் காக்க வேண்டும்.

லண்டன் பயணம்

1790ஆம் ஆண்டு செப்டம்பரில் நிக்கோலாஸ் இளவரசர் காலமானார். அடுத்து வந்தவருக்கு இசையில் ஆர்வமில்லை. இசைக் குழுவைக் கலைத்தார். ஹைடனுக்கு ஓய்வூதியம் இருந்தது. செய்தி கேட்டு, லண்டனில் இசை நிகழ்ச்சிகள் நடத்தி வந்த ஜொஹான் பீட்டர் சாலமன் நேராக வியன்னாவுக்கே வந்து நின்றார்.

ஹைடனுக்கு அப்போது 58 வயது. ஆங்கிலம் தெரியாது; கடலையே பார்த்ததில்லை. ஆனால் ஒப்பந்தம் பேசத் தெரியும். ஓர் இசை நாடகத்துக்கு 300 பவுண்டு. ஆறு சிம்பொனிகளுக்கு 300 பவுண்டு. அவற்றின் பதிப்புரிமைக்குத் தனியாக 200 பவுண்டு. இருபது சிறு படைப்புகளுக்கு 200 பவுண்டு. அவர் பெயரில் நடக்கும் நிகழ்ச்சிக்குக் குறைந்தது 200 பவுண்டு உறுதி. மொத்தம் 1,200 பவுண்டு. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி வரி இருப்பதைக் கவனியுங்கள்.

1791 புத்தாண்டு நாளில் இங்கிலாந்துக் கரையை அடைந்தார். தனித்தனியாக எழுதியதன் பயன் விரைவில் தெரிந்தது. அரங்கிற்கு அரசு அனுமதி கிடைக்காததால் இசை நாடகம் மேடையேறவே இல்லை. ஆனாலும் அதற்கான 300 பவுண்டு அவருக்குக் கிடைத்தது. 200 பவுண்டு உறுதியளிக்கப்பட்ட நிகழ்ச்சியில் 350 பவுண்டு வசூலானது. அதே ஆண்டு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. 1794இல் மீண்டும் லண்டன் சென்றார். இரு பயணங்களுக்காகவும் சேர்த்து எழுதிய பன்னிரண்டு சிம்பொனிகள் இன்றும் லண்டன் சிம்பொனிகள் என்ற பெயரால் அறியப்படுகின்றன.

எப்போதும் காசே குறியாக இருந்தவரல்லர் அவர். கடனில் மூழ்கிய வில்லியம் நேப்பியர் என்ற லண்டன் பதிப்பாளருக்காக, ஸ்காட்லாந்து நாட்டுப்பாடல்கள் பலவற்றுக்கு இலவசமாக இசை அமைத்துத் தந்ததாகச் சொல்லப்படுகிறது. அந்த நூல் நன்றாக விற்றது. அடுத்த தொகுதிக்கு நேப்பியர் ஊதியம் தந்தார். இலவசமாகத் தருவதும் நம் விருப்பமாக இருந்தால்தான் அது உதவி. படிக்காமல் கையொப்பமிட்டு இழப்பதை உதவி என்று சொல்ல முடியாது.

முதுமையில் அவர் எழுதிய மிகப் பெரிய படைப்பு, உலகத் தோற்றத்தைப் பாடும் தி கிரியேஷன். 1800ஆம் ஆண்டில் அதைத் தாமே சொந்தமாகப் பதிப்பித்தார். முன்கூட்டியே சந்தா கட்டியவர்கள் நானூறு பேருக்கு மேல். பாடல் வரிகள் செர்மன், ஆங்கிலம் என இரு மொழிகளிலும் அச்சிடப்பட்டன. ஒரு வரி இசையும் தமக்குச் சொந்தமில்லை என்று 29 வயதில் எழுதிக் கொடுத்தவர், 68 வயதில் தம் படைப்பின் ஒவ்வொரு வரிக்கும் தாமே உரிமையாளராக நின்றார்.

1809ஆம் ஆண்டு மே 31ஆம் நாள், நெப்போலியனின் படைகள் பிடித்திருந்த வியன்னாவில், தம் 77ஆம் வயதில் ஹைடன் மறைந்தார். அவர் வீட்டு வாசலில் பிரெஞ்சுப் படையினரே மரியாதைக் காவல் நின்றனர்.

மீண்டும் என் ஒப்பந்தம்

சென்ற மாதம் அதே நிறுவனத்திலிருந்து புதிய வேலை வந்தது. இம்முறை 400 ரிங்கிட். பேசிய அண்ணன் நல்லவர். தங்கச்சி தங்கச்சி என்று அன்பாகத்தான் பேசுவார். நமக்கு அதுதான் சிக்கல். அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டு, பணத்தையும் உரிமையையும் பற்றி எப்படிக் கேட்பது? கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று வாய் வராது.

இம்முறை இரண்டு பக்கங்களையும் முழுதாகப் படித்தேன். புரியாத சொற்களை விரிவுரையாளர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிறகு மூன்று வேண்டுகோள்களை அண்ணனுக்குப் பணிவாக எழுதி அனுப்பினேன். இசையை ஒரே விளம்பரத்திற்கு, ஓராண்டுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். வேறு விளம்பரத்திற்கு எடுத்தால் தனியாக ஊதியம் வேண்டும். நான் அமைத்த இசை என்று என் தொகுப்பில் காட்டிக்கொள்ள அனுமதி வேண்டும்.

அனுப்பிய பிறகு இரண்டு நாள் பதிலில்லை. வேலை கையை விட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன். வீட்டில் தம்பியின் டியூஷன் கட்டணத்துக்கு அந்த 400 ரிங்கிட்டைத்தான் எண்ணி வைத்திருந்தேன். அம்மாவிடம் சொன்னபோது, கேட்டது தப்பில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுத் தையலைத் தொடர்ந்தார்.

மூன்றாம் நாள் அண்ணன் அழைத்தார். ஓராண்டு என்பதை இரண்டாண்டாக மாற்றினார். தொகுப்பில் காட்டிக்கொள்ள உடனே சம்மதித்தார். வேறு விளம்பரத்திற்குத் தனி ஊதியம் என்பதை மட்டும் நிறுவனம் ஏற்கவில்லை. அதற்குப் பதில், வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டோம் என்று எழுதித் தந்தார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. கையொப்பமிட்டேன். அவர் இப்போதும் தங்கச்சி என்றுதான் அழைக்கிறார்.

நண்பர்களே, அடுத்த முறை உங்கள் கைக்கு ஓர் ஒப்பந்தம் வரும்போது தொகை எழுதிய வரியோடு நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் செய்து தரும் பொருள் யாருக்குச் சொந்தம், எதற்குப் பயன்படும், எத்தனை காலத்திற்கு என்று எழுதியிருக்கும் வரியைத் தேடிப் படியுங்கள். மாற்ற வேண்டும் என்றால் பணிவாகக் கேளுங்கள். கையொப்பமிட்ட பின் உங்கள் சொல்லைக் காப்பாற்றுங்கள். ஹைடன் பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தார். நமக்கு அத்தனை காலம் தேவையில்லை. கையொப்பமிடும் முன் பத்து நிமிடம் படித்தால் போதும்.